எட்டரை மணிக் கறிவேப்பிலை

ஜூன் 2

ஜனவரியில் வர வேண்டிய டைரி ஜூனில் வந்து சேர்ந்திருக்கிறது. மகள் உமையாள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பினாள். நல்ல தாளை வீணாக்க மனமில்லாமல் இன்று முதல் எழுதுகிறேன். என்றைக்காவது அவள் புரட்டிப் பார்ப்பாள் என்பதால் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுவேன். டீச்சர் புத்தி போகாது.

சாரல் இன்னும் வரவில்லை. மேல்காற்று மட்டும் வந்துவிட்டது. கொடியில் போட்ட என் பச்சைச் சேலை பக்கத்து வீட்டு எஸ்தரின் முருங்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. இலஞ்சியில் ஜூன் பிறந்துவிட்டால் எல்லோரும் மேற்கே பார்த்தபடிதான் நடப்பார்கள். மலையில் மேகம் இறங்கினால் குற்றாலத்தில் தண்ணீர். தண்ணீர் விழுந்தால் ஊருக்குள் வேன், தெருவெல்லாம் பஜ்ஜி வாசனை.

மழைமானியைத் துடைத்து வைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் காசிக்கு டிக்கெட் எடுப்பார்கள். நான் மழைமானி வாங்கினேன். புறவாசலில் நிற்கிறது. அதற்கு இரண்டு எட்டுத் தள்ளி ஒரு கறிவேப்பிலை தானாக முளைத்தது. விதிப்படி வெட்டியிருக்க வேண்டும். இவர் விடவில்லை. மழையை மறைக்காத உயரத்துக்குக் குட்டையாக வைத்திருக்கிறோம்.

தினமும் காலை எட்டரைக்கு, முந்தின நாள் மழையை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் படிப்பேன். மழை இல்லாவிட்டால் பூஜ்யம். பூஜ்யமும் ஓர் அளவுதான். உமையாள் கல்யாணத்தன்றுகூடப் பட்டுச் சேலையோடு போய்ப் படித்துவிட்டு வந்துதான் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றேன். ஒரு நாள் தவறியதில்லை, ஓர் எண் பொய்யில்லை. வருகிற ஜூலை முப்பத்தொன்றோடு பத்து வருஷம். வேறு எதிலும் எனக்கு இவ்வளவு கர்வம் கிடையாது.

ஜூன் 6

வந்துவிட்டது. நேற்று மதியம் பூந்தூறலாகத் தொடங்கி மாலை வரை விடவில்லை. இன்று 18 மில்லிமீட்டர்.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். படித்த அளவை அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரின் அன்றைய கட்டத்தில் பேனாவால் எழுதுவது நான். பால், கேஸ் சிலிண்டர் எல்லாம் குறிக்கிற அதே காலண்டர்தான். அந்தக் கட்டத்தைப் படம் எடுத்து ஊர் மழைக் குழுவுக்கு வாட்ஸப்பில் அனுப்புவது இவர். எனக்கும் அந்த ஃபோனுக்கும் ஒத்துவராது. வர வர அதில் எழுத்தையும் பொடியாகப் போடுகிறார்கள்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம். மின்சாரத்துறையில் வீடு வீடாக மீட்டர் படித்தவர். தெருவாசலில் நின்றபடியே நடைக்குள் இருக்கிற மீட்டரைப் படித்துவிடுவார் என்று அந்தக் காலத்தில் பேர். கிட்டத்தில்தான் வெள்ளெழுத்து. செய்தித்தாளைக் கை கொள்கிற மட்டும் தள்ளிப் பிடிப்பார், கண்ணாடி போடமாட்டார்.

இவருக்குச் சித்திரையிலிருந்து ஒரு புதுப் பழக்கம். நான் குவளையைத் தூக்கிப் பிடிக்கிற நேரம் பார்த்துக் கறிவேப்பிலை பறிக்க வந்துவிடுகிறார். மூன்று வேளைத் தாளிதத்துக்கும் சேர்த்து ஒரு கொத்து போதும். இவர் பறிக்கிற பறியில் மரம் ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது.

ஜூன் 9

நான்கு நாளாக மலையைக் காணோம். இந்த வருஷம் மூடுபனி அதிகம்.

ஜூன் 12

காலையில் எஸ்தரோடு வாய்க்கால் கரையில் நடந்தேன். எஸ்தர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைவிட ஏழு வயது சின்னவள். ஆனால் நடை என்றால் நடை, வார்டில் டாக்டர் கூப்பிட்ட மாதிரி.

நாற்று பிடுங்குகிற பருவம். தண்ணீர் நின்ற வயலெல்லாம் ஒரே வெளிச்சம். கண் கூசியது. வரப்பில் வரிசையாக ஏழு கொக்குகள் நின்றன. நான் கையைப் பிடித்து நிறுத்தி, சத்தம் போடாதே, பறந்துவிடும் என்றேன்.

எஸ்தர் என்னையும் வரப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "டீச்சர், அது கொக்கு இல்ல. யூரியாச் சாக்கு. அலசிக் காயப் போட்டிருக்காங்க" என்றாள்.

"சாக்க எதுக்கு இப்பிடி வரிசையாக் காயப் போடுதாங்க?" என்றேன்.

"பின்ன எப்பிடிப் போடுவாங்க?"

ஆனாலும் யூரியாச் சாக்கை இவ்வளவு வெள்ளையாக அலச வேண்டிய அவசியம் என்ன என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

ஜூன் 15

மழைக் குழுவை நடத்துகிற திருமலைக்குமார் ஃபோனில் கூப்பிட்டான். உரக்கடை வைத்திருக்கிறான், என் மாணவி ஒருத்தியின் மகன். "டீச்சர், நேத்து உங்க இருபத்திமூணுதான் சுத்து வட்டாரத்துலயே கூடுதல்" என்றான். நான் எழுதியது 28. சரியாகப் பார்த்து எழுதடா என்றேன். "சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் நிதானம் இல்லை.

காலண்டர் கட்டங்களின் மூலையில் அங்கங்கே அழுக்கு. எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள் என்று இவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

ஜூன் 18

தோட்டத்தில் நல்ல வேலை. புடலைக்குப் பந்தல் கட்டினோம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடித்தேன். சாரலில் மண் இளகிக் கிடந்ததால் கையோடு களையும் எடுத்தேன். ஒரு பாத்தியைச் சுத்தமாக முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இவர் நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா டீச்சர்?"

"ஒரு பாத்தி முடிஞ்சுது. எவ்வளவு களை, பாத்தீங்களா."

அவர் குனிந்து, நான் பிடுங்கிப் போட்டதில் இரண்டைக் கையில் எடுத்தார். அவர் விதைத்து, தண்ணீர் தெளித்து, இருபது நாள் பார்த்துக்கொண்ட கத்தரி நாற்று. நாற்பது இருக்கும். பிழைக்கிறதாகத் தெரிந்த பத்துப் பன்னிரண்டைத் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றினார். மனிதர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாற்றை ஏன் களை மாதிரியே வளர விடுகிறார்கள்.

ஜூன் 19

மதியம் கறிவேப்பிலைத் துவையல். இந்த வாரத்தில் மூன்றாவது முறை.

ஜூன் 24

எஸ்தரோடு ஆட்டோ பிடித்துச் சூரியகாந்தி வயல் பக்கம் போய் நடந்தேன். வயலைப் பார்க்க வருகிறவர்களைவிட வயலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கிறவர்கள் அதிகம். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர், "ஆச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல வருதீங்க" என்றார். நான் தள்ளவில்லை. பூவும் அவருக்காகத் தள்ளி நிற்கவில்லை என்றேன். எஸ்தர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வருகிற வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். எஸ்தர் என் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கண்ணுக்குள் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு. வலது முத்திட்டுது."

எப்போதும் டீச்சர் என்பவள் அக்கா என்றதும் எனக்குத் திக்கென்றது. "கண்ணாடியில கீறல் விழுந்திருக்கு, அதான்" என்றேன்.

"கண்ணாடியத்தான் கழத்திருக்கீங்களே."

அவளுக்கு என் அம்மாவைத் தெரியாது. ஒரு முகாமில் அம்மாவுக்குப் புரை எடுத்தார்கள். கட்டைப் பிரித்த அன்றைக்கு அம்மா கேட்டது, "இன்னும் விடியலியா?" என்று. அதற்குப் பிறகு அந்தக் கண்ணில் விடியவே இல்லை. இப்போதெல்லாம் பத்து நிமிஷ வேலை என்று எஸ்தர் சொல்கிறாள். ஒரு மாதம் குனியக் கூடாது, மழைத் தண்ணீர் கண்ணில் படக் கூடாது என்றும் சொல்கிறாள். அப்படியென்றால் மழைமானியை யார் பார்ப்பது. பத்து வருஷம் முடிய இன்னும் முப்பத்தேழு நாள்தான். அது முடியட்டும்.

ஜூன் 29

தெருவிளக்கை எல்லாம் வெள்ளை விளக்காக மாற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வளையம். கண்ணைக் குத்துகிற விளக்கை எவன் கண்டுபிடித்தான் என்று உமையாளிடம் ஃபோனில் கேட்டேன். "எல்லாருக்கும் நல்லாத்தான் தெரியுது, அம்மா" என்றாள். எஸ்தர் அவளிடம் பேசியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

மழை 12. அல்லது 13. 12 என்று எழுதினேன்.

ஜூலை 4

இதை எழுதத்தான் வேண்டும்.

காலையில் வானம் இருண்டு கிடந்தது. எட்டரைக்குக் குவளையைத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் தெரிந்தது. கோடு தெரியவில்லை. கிட்டே கொண்டுவந்தேன், தள்ளிப் பிடித்தேன், கிழக்கே திரும்பினேன். குவளை முழுக்கப் பால் மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷம் அப்படியே நின்றேன். பின்னால் இவர் கறிவேப்பிலை ஒடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போய் 9 என்று எழுதினேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு முறை ஐந்து பெண்கள் மழை அளவைப் படிக்காமலே எண்களை எழுதிக்கொண்டு வந்தார்கள். ஐந்து பேரையும் மதியம் வரை நிற்க வைத்தேன். "தெரியலன்னு எழுதினா தப்பில்ல, தெரிஞ்ச மாதிரி எழுதினா அது திருட்டு" என்று சொன்னேன். நான் இன்று எழுதியதும் அப்படி ஒரு 9.

இதற்கு முன்னாலும் எழுதியிருக்கிறேன். 12 அல்லது 13 என்று இந்த டைரியிலேயே இருக்கிறது. எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. பத்து வருஷத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நானே அதில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 5

காலையிலேயே எஸ்தர் வீட்டுக்குப் போனேன். "எப்பப் போவலாம்?" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. திருநெல்வேலியில் தனக்குத் தெரிந்த கண் ஆஸ்பத்திரிக்கு அப்போதே ஃபோன் போட்டாள்.

இவரிடம் சொன்னபோது கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தார். நிறுத்தினார். "நல்லது" என்றார். பிறகு அடுப்படிக்குள் போய், அறுபத்தெட்டு வயதுக்காரிக்கு, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் போடுகிற மாதிரி ஏலக்காய் தட்டிப்போட்டு ஒரு காபி கொண்டுவந்தார்.

நான் பயமாக இருக்கிறது என்றேன். இத்தனை வருஷத்தில் இவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதாக நினைவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 11

நாளை ஆபரேஷன். காலை எட்டரைக்கு அளந்துவிட்டுத்தான் கிளம்புவோம். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு இவர் பாடு. குவளையைச் சாய்க்கக் கூடாது, வளைந்த தண்ணீரின் அடிவிளிம்பைப் படிக்க வேண்டும் என்று ஒன்றுக்கு நான்கு முறை சொன்னேன். "சரி, டீச்சர்" என்று நான்கு முறையும் சொன்னார்.

கிட்டத்தில் வெள்ளெழுத்தாயிற்றே, எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்டேன். "எஸ்தர் பிடிச்சிக்கிடட்டும். நான் மரத்துக்கிட்ட நின்னு படிச்சிருவேன்" என்றார். எல்லாம் ஏற்கெனவே யோசித்து வைத்த மாதிரி இருந்தது.

ஜூலை 13

ஆபரேஷன் நேற்று. வலது கண். நலம். மழை 22. டீச்சருக்குப் பதிலாக எழுதியது, கு.

ஜூலை 20

இன்று முதல் அரைப் பக்கம் எழுதலாம் என்று அனுமதி. முதலில் எழுத வேண்டியது: விடிந்தது, அம்மா. கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது நர்ஸின் காலரில் இருந்த நீல நூல்.

வீட்டைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. மின்விசிறியில் ஒட்டடை, அலமாரிக் கண்ணாடியில் விரல் தடம், என் முகத்தில் யாரும் சொல்லாத சுருக்கம். வாசலில் வந்து மேற்கே பார்த்தேன். மலை அங்கேயேதான் இருக்கிறது. மரம் மரமாகத் தெரிகிறது. நடுவில் வெள்ளையாக ஒரு கோடு, அருவி. மூடுபனி எங்கே என்று எஸ்தர் கேட்டாள். அவளோடு பேசவில்லை, அரை மணி நேரத்துக்கு.

ஜூலை 22

மதியம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது காலண்டரைப் பார்த்தேன். கட்டங்களின் மூலையில் இருந்தது அழுக்கில்லை. பென்சிலில் பொடிப்பொடியாக எண்கள். ஒவ்வொரு நாளும் என் பேனா எண்ணுக்குக் கீழே இன்னோர் எண். மின் அட்டையில் இவர் எழுதிய அதே சாய்ந்த எழுத்து.

ஜூலை 4-ம் தேதிக் கட்டத்தைத் தேடினேன். என் 9. அதன் கீழே 6.

முந்தின மாதத் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். ஜூன் 14: 28, கீழே 23. ஜூன் 29: 12, கீழே 12, பக்கத்தில் ஒரு டிக். இப்படியே மே, ஏப்ரல் என்று பின்னால் போய், சித்திரையில் பெய்த ஒரு கோடை மழையில் போய் நின்றது. அதற்கு முன்னால் பென்சில் இல்லை.

மரம் மொட்டையானது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நான் குவளையைப் பிடிக்க, இரண்டு எட்டுத் தள்ளி நின்று என் தோளுக்கு மேலாகப் படித்திருக்கிறார். படத்தில் பேனாவும் பென்சிலும் சேர்ந்தே போயிருக்கின்றன. குழுவில் நூற்று நாற்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். மூன்று மாதம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதலில் கோபம் வந்தது. எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பாவம் பார்த்திருக்கிறார்கள் என்று. பிறகு ஜூலை 4-ஐ மறுபடி பார்த்தேன். நான் திருட்டு எண் எழுதிவிட்டு உள்ளே வந்து சாப்பிடாமல் படுத்திருந்த அன்றைக்கும் அதன் கீழே உண்மையான எண் இருந்திருக்கிறது. பத்து வருஷத்தில் ஓட்டை இல்லை. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 23

கேட்டுவிட்டேன். இவர் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"சித்திரையில இருந்தா?"

"ஆமா. நீ முப்பத்தெட்டுன்னு எழுதின. முப்பத்திமூணுதான் இருந்துது."

"அப்பவே சொன்னா என்ன?"

கையைத் தட்டிவிட்டு எழுந்தார். இவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "மீட்டர் படிக்கப் போற வீட்டுல வாசல்ல நின்னு சத்தம் போடக் கூடாது, டீச்சர். படிச்சத அட்டையில எழுதிட்டு வந்துரணும். அவங்களாப் பாத்துப்பாங்க. நான் சொல்லியிருந்தா ஒனக்கு ஒங்க அம்மா கண்ணுதான் ஞாவகம் வந்திருக்கும். அளக்கிறதயும் விட்டிருப்ப. அளக்கிறத விட்டுட்டா நீ காலையில எந்திரிச்சு என்ன செய்வ?"

இந்த மனிதரோடு நாற்பத்தோரு வருஷம் இருந்திருக்கிறேன். நன்றாக இருந்திருக்கிறேன்.

ஜூலை 31

பத்து வருஷம்.

எஸ்தர் நாசரேத்துக்குத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டதால் இன்று குவளையைப் பிடிக்க ஆளில்லை. இவரே பிடித்தார். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றதற்கு, "இதுக்குப் போயா" என்றார். கிட்டே வைத்துப் பார்த்தார், கையை நீட்டிப் பார்த்தார், மோவாயைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போய்ப் பேனாவால் பெரிதாக 16 என்று எழுதினார். பத்தாவது வருஷம் என்பதால் அடியில் ஒரு கோடும் போட்டார்.

ஃபோனைத் தேடி அறைக்குள் போனார். நான் பென்சிலை எடுத்து, கட்டத்தின் மூலையில் பொடியாக 18 என்று எழுதினேன். பேச்சு வளர்க்கவில்லை.

திரும்பி வந்து படம் எடுத்தார். கையை நீட்டி அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் இடது கையில் இருந்த கறிவேப்பிலைக் கொத்தையும் பார்த்தார். அனுப்பிவிட்டார்.

மதியம் துவையல்.